டென்னிஸ் பந்தை விட்டு லெதர் பந்துக்கு வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஒத்தக்கடை

கண்மாய் காய்ந்தால்தான் எங்களுக்கு மைதானம். பள்ளிக் காலம் முழுவதும் யானைமலையைப் பார்த்தபடி அங்கே டென்னிஸ் பந்தில் வீசியவன் நான். பேட்ஸ்மேனின் காலடியில் குத்தும் யார்க்கர் கேட்டால் யார்க்கர் விழும். இப்போது கல்லூரி அணியில் லெதர் பந்து. ஓடி வரும் ஓட்டம் அதேதான், கையும் அதேதான், பந்து மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒன்று தரையில் குத்தாமலே இடுப்பு உயரத்துக்கு ஃபுல் டாஸாகப் போகிறது, இல்லையென்றால் பாதி ஆடுகளத்தில் குத்தி, லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே, பேட்ஸ்மேனின் கால் பக்கம் ஓடுகிறது. எங்கள் விக்கெட் கீப்பர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டான். நெட் பயிற்சியில் எல்லோரும் "லைனைப் பிடி, லெங்த்தைப் பிடி" என்கிறார்கள், அதாவது திசையும் பந்து குத்தும் நீளமும். பிடிக்கத் தெரிந்தால் பிடிக்க மாட்டேனா? வலது கை, மித வேகம். இதே வழியில் வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

திருநகர்

தம்பி, நீ சொல்லும் இரண்டு கோளாறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பந்தைச் சீக்கிரம் விட்டால் ஃபுல் டாஸ், தாமதமாக விட்டால் பாதியிலேயே குத்தும் ஷார்ட். எப்போது விடுகிறாய் என்பது உன் வசத்தில் இல்லை, அவ்வளவுதான். அது ஏன் இல்லை என்று பார்க்காமல் லைன், லெங்த் என்று பேசிப் பயனில்லை.

டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து விதிப்படி 155.9 முதல் 163 கிராம் வரை. ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் திடீரென்று கைக்கு வந்தால் விரல்கள் பயந்து இறுக்கிக்கொள்ளும். நானும் அப்படித்தான் மாவட்ட லீக்கில் நுழைந்தேன். முதல் வாரமே எங்கள் அணியின் மூத்த பந்துவீச்சாளர் ஒருவர் அருகில் வந்து, "பந்தை நீட்டு" என்றார். நீட்டினேன். தன் இரு விரல்களால் உருவிப் பார்த்தார், வரவில்லை. "பஸ் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்திருக்கிறாய். நான் இழுத்தே வரவில்லை, கையைச் சுழற்றும்போது அதுவாக எங்கே வரும்?" என்று கேட்டார்.

அவர் காட்டிய பிடியைச் சொல்கிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரு பக்கமும் இருக்க வேண்டும். கட்டைவிரலின் பக்கவாட்டுப் பகுதி அடியில் தையலைத் தொட வேண்டும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி கட்டாயம். பந்து உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அது விரல் நுனியிலிருந்து கிளம்பாது. கை கீழே இறங்கிய பிறகு வழுக்கிக்கொண்டு வெளியேறும், மணிக்கட்டு ஒரு பக்கம் சாயும், லெக் பக்கம் ஓடும். உனக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இந்தப் பிடி பழகும்வரை எங்கே போனாலும் பந்து கையில் இருந்தது. திருநகரிலிருந்து பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில்கூட விரலில் உருட்டிக்கொண்டே போவேன். ஒருநாள் கைநழுவி ஓட்டுநர் இருக்கைப் பக்கம் உருண்டுவிட்டது. நடத்துநர் பேசியதை இங்கே எழுத முடியாது.

இரவில் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, தையல் நேராக நிற்கும்படி பந்தை மேலே சுண்டிவிட்டுப் பிடிப்பேன். பழைய பந்தின் ஒரு பாதிக்கு வெள்ளை பெயின்ட் அடித்துப் பார், உண்மை தெரிந்துவிடும். தையல் நேராகப் போனால் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும், சாய்ந்தால் கலங்கலாகத் தெரியும். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குறி தவறுவது ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றும் யோசித்துக்கொள். கையை விட்ட இடத்திலிருந்து எதிர் ஸ்டம்ப் வரை சுமார் 18 மீட்டர். திசை ஒரே ஒரு டிகிரி பிசகினால் அங்கே 30 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். மூன்று ஸ்டம்ப்பும் சேர்ந்தே 22.86 சென்டிமீட்டர் அகலம்தான். கண்மாயில் மட்டையை வீசும் பையன் அந்த வைடையும் துரத்தி அடிப்பான், அதனால் உனக்கு அது தெரியவில்லை.

மேலூர்

நான் பந்து வீசுபவன் அல்ல, வீசுகிற பிள்ளையின் தகப்பன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஆஃப் ஸ்பின். அவள் போன பயிற்சி மையத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் இருபது வயது இளைஞனுக்கும் ஒரே பந்துதான். ஆஃப் ஸ்பின்னுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் குறுக்கே நன்றாக விரிய வேண்டும் என்கிறார்கள். அவள் கைக்கு அது விரியவே இல்லை. மூன்றாவது விரலையும் மேலே கொண்டுவந்து எப்படியோ அணைத்துப் பிடித்தாள். சுழலவில்லை, குறியும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் ஆள்காட்டி விரல் மூட்டு சிவந்திருக்கும். கேட்டதற்கு, "பழகினால் சரியாகிவிடும்" என்றார்கள். கை வளர்ந்தால் சரியாகும், பழக்கத்தில் கை எப்படிப் பெரிதாகும் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகுதான் விதிப் புத்தகத்திலேயே வேறு பந்துகள் இருப்பது தெரிந்தது. பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம், 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம். எடை மட்டுமல்ல, சுற்றளவும் குறைவு. ஆண்கள் பந்து 22.4 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சிறுவர் பந்து 20.5 வரை குறையலாம். சின்னக் கைக்கு அந்த ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

கடையில் சிறுவர் பந்து கேட்டேன். கொடுத்தார்கள், மேலே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. சந்தேகத்தில் மைத்துனரின் நகைப் பட்டறைத் தராசில் வைத்தோம். முழு எடைப் பந்துக்குச் சற்றும் இளைத்ததில்லை! அடுத்த முறை நூல் கொண்டு சுற்றளவையும் அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார், முறைக்கட்டும்.

சரியான பந்து வந்தபின் மூன்றாவது விரல் தானாகக் கீழே இறங்கிவிட்டது. இப்போது பந்து திரும்புகிறது, சில நேரம் அவளே எதிர்பார்க்காத அளவுக்கு. ஒத்தக்கடைத் தம்பி, உங்கள் கை அளவு என்ன என்பதையும் சொல்லுங்கள். எல்லாக் குறையும் பயிற்சிக் குறை அல்ல.

சோழவந்தான்

நான் லெக் ஸ்பின். வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆற்று மணலில் வீசுவேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மணலில் பந்து எழும்பாது, திரும்பாது, குத்திய இடத்திலேயே குழி பறித்து நின்றுவிடும். அதுதான் எனக்கு வேண்டியது. ஒரு ஓவர் முடிந்ததும் போய்ப் பார்த்தால் ஆறு குழிகள், நான் எங்கே வீசினேன் என்பதற்குச் சாட்சி. சிமெண்ட் ஆடுகளத்தில் பேட்ஸ்மேன் அடித்த அடியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வோம், பந்து எங்கே விழுந்தது என்பது மறந்துபோகும்.

குழிகளைப் பார்த்துத்தான் ஒன்று தெரிந்தது. நீளம் முன்னே பின்னே சிதறினால் விடும் நேரம் தவறு. நீளம் சரியாக இருந்து பக்கவாட்டில் சிதறினால் மணிக்கட்டு அல்லது தோள் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் இரண்டும் கெடும்.

சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்ற மதுரை பேந்தர்ஸ் அணியில் ஆடியவர் என்பதால் நம் ஊர்க்காரர்கள் அவரைக் கவனித்துவந்திருப்பீர்கள். 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு இந்திய அணியில் இடம் போனது. அதன்பின் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றுவதை விட்டு, முன்னோக்கிச் சுழற்றும் முறைக்கு மாறினார். 2024 அக்டோபரில் மீண்டும் இந்தியாவுக்கு ஆடினார். மாற்றம் என்று பார்த்தால் பந்து கையை விட்டுக் கிளம்பும் விதம்தான். அவருக்கே அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆனது என்றால், இரண்டு வார நெட்டில் நமக்கு வராததில் வியப்பில்லை.

வாடிப்பட்டி

எல்லோரும் விரலையே பார்க்கிறீர்கள். சுற்றுவட்டார ஊர்ப் போட்டிகளில் நடுவராக நிற்கிறேன். பந்துவீச்சாளனை அவ்வளவு நெருக்கத்தில் வேறு யாரும் பார்ப்பதில்லை. லெக் பக்கம் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இடது கை சீக்கிரமாக விலாப் பக்கம் சரிந்துவிடுகிறது. கூடவே தலையும் போகிறது. தலை போன பக்கம் பந்து போகிறது. பிடியை எவ்வளவு திருத்தினாலும் அது மாறாது.

இன்னொன்று. டென்னிஸ் பந்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் வேகத்துக்காக முழங்கையைச் சுண்டுகிறார்கள். ஊர்ப் போட்டியில் நான் விட்டுவிடுவேன், சர்வதேச விதிப்படி 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் அது எறிதல். வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனின் வீச்சு முறையே ஒரு காலத்தில் சந்தேகத்துக்கு உள்ளானது. அவர் அதை மாற்றிக்கொண்டு வந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்கு ஆடினார். ஆகவே முதலில் பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்துப் பாருங்கள். விரலைப் பிறகு பார்க்கலாம்.

திருநகர்

நடுவர் ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில்தான் பலருக்கு உடம்பே கோணுகிறது. நான் பிடியிலிருந்துதான் தொடங்குவேன்.

வாடிப்பட்டி

தொடங்குங்கள். லெக் பக்க வைடுக்குக் கையை நீட்ட நான் இருக்கிறேன்.

ஒத்தக்கடை

எல்லோருக்கும் நன்றி. உள்ளங்கை இடைவெளியை வைத்து வீசிப் பார்த்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஃபுல் டாஸ் நன்றாகவே குறைந்துவிட்டது. லெக் பக்கம் போவது மட்டும் இன்னும் இருக்கிறது. நண்பன் கைப்பேசியில் எடுத்ததைப் பார்த்தால் நடுவர் ஐயா சொன்னதுபோல் இடது கை காணாமலேயே போகிறது. மேலூர் ஐயாவுக்கு: என் கை பெரிய கைதான், அந்தச் சாக்கும் இல்லை.

ஒரு சந்தேகம். புதுப் பந்து பளபளப்பாக வழுக்குகிறது, காலைப் பத்து மணிக்கே உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. தளர்த்திப் பிடித்தால் நழுவுகிறது, இறுக்கினால் பழைய கதை. நம் ஊர் வெயிலில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

திருநகர்

சின்னத் துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொள், ரன் அப்புக்குத் திரும்பும்போதெல்லாம் கையைத் துடை. பளபளப்புக்கு வியர்வை தடவலாம், எச்சில் 2022 முதல் விதிப்படியே கூடாது. தடவுகிறவன் நீயாக இருக்காதே, மிட் ஆஃபில் நிற்பவனிடம் கொடுத்துவிடு. நெட்டில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, பந்தை முக்கி எடுத்துச் சில ஓவர் வீசிப் பழகு. ஈரப் பந்தைத் தளர்வாகப் பிடிக்க வந்துவிட்டால் வியர்வை ஒன்றும் செய்யாது. பழைய பந்தையே வாளியில் போடு, ஊறிய பந்து வீணாகிவிடும்.