கச்சான் காலத்தில் கட்டை ஓர்க்கிட்டுக்குத் தண்ணீர்

சட்டியில் வைக்காமல் மரக்கட்டையிலோ பொச்சுமட்டையிலோ கட்டி வளர்க்கும் ஓர்க்கிட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். என்னிடம் நாள் கணக்கு இல்லை. மட்டக்களப்பில் அதைத் தீர்மானிப்பது காற்று.

எங்கள் வீடு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில். இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும்போது ஈரப்பதத்துக்கு என்ன குறை என்று தோன்றும். மார்கழியில் அது சரி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கதையே வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம் பக்கம் இறங்குகிறது. கச்சான் என்று நாம் சொல்லும் அந்தக் காற்று வீசும் நாளில் விடியற்காலை நனைத்த வேர், வெயில் ஏறுவதற்குள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். பிற்பகலில் கடற்காற்று திரும்பினால்தான் செடி சற்று மூச்சு விடும். அம்பாறை நகரில் இருக்கும் என் தோழிக்கு அந்தக் கடற்காற்று அவ்வளவாக எட்டுவதில்லை. என்னிடம் இருக்கும் அதே வண்டா வகை ஓர்க்கிட்டுக்கு அவள் என்னைவிட அதிகம் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது.

வேரைக் கிட்டே போய்ப் பாருங்கள். வெளியே வெள்ளி நிறத்தில் இருப்பது செத்த உயிரணுக்களால் ஆன பஞ்சுப் போர்வை. தண்ணீர் பட்டதும் அது கண்ணாடியாகித் தெளிந்து, உள்ளே இருக்கும் பச்சை தெரியும். வண்டா வேரில் அங்கங்கே சிறு வெள்ளைக் கீற்றுகள் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். அவை காற்றுப் போகும் வழிகள். அவற்றையும் பச்சையாக்க வேண்டுமென்று குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த வேரில் முதல் தண்ணீர் வழிந்தோடிவிடும். அதனால் எல்லாக் கட்டைகளையும் ஒரு சுற்று நனைத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்து மறுபடியும் நனைக்கிறேன். இரண்டாம் சுற்றில்தான் வேர் உண்மையாகக் குடிக்கிறது.

கச்சான் கடுமையான நாளில் பிற்பகல் மூன்று மணியளவில் இன்னொரு முறை வேருக்கு மட்டும் விடுவேன். இருட்டுவதற்குள் இலைக்கவட்டில் தண்ணீர் தேங்காமல் காய்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டாவின் குருத்து அழுகும். குருத்து போன தண்டு அதற்கு மேல் வளராது. தெளிப்பானால் இலையில் பனிபோல் அடிப்பதைத் தண்ணீர் விட்டதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். காற்று அதை உடனே கொண்டுபோய்விடும். ஈரப்பதம் வேண்டுமானால் கட்டைகளை நெருக்கமாகத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மணலை நனைத்து, மேற்குப் பக்கம் காற்றைத் தடுக்க ஒரு கிடுகு வேலி கட்டுங்கள். எங்கள் வளவில் அதிகம் பலன் தந்தது அந்த வேலிதான்.

இனித் தண்ணீரின் தரம். ஆரையம்பதியில் பெரியம்மா மாமரத்தில் தங்கூசியால் கட்டிய வண்டாவுக்கு ஒரு கோடையில் வேர்நுனிகள் எல்லாம் கறுத்தன. பூச்சி என்று நினைத்து மருந்து வாங்கப் புறப்பட்டவரை, பக்கத்து வீட்டு மூத்தவர் மறித்தார். “தங்கச்சி, கிணற்றுத் தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள்” என்றாராம். கோடையில் நீர்மட்டம் இறங்க, தண்ணீர் கரித்திருக்கிறது. சட்டியில் மண் இருந்தால் உப்பைக் கொஞ்சம் தாங்கும். கட்டையில் வேருக்கும் உப்புக்கும் நடுவே எதுவுமில்லை. தண்ணீர் ஆவியாக, உப்பு வேரிலேயே படிகிறது. பெரியம்மா பீலியில் பீப்பாய் வைத்து மழைநீர் பிடித்து ஊற்றத் தொடங்கிய பிறகு, பழைய வேரின் பக்கத்திலிருந்து புதிய பச்சை நுனிகள் வந்தன. கறுத்த நுனிகள் மீளவில்லை. பொச்சுமட்டையிலும் உப்பு இருக்கும், கட்டுவதற்கு முன் பல முறை தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள்.

நம் வறண்ட காடுகளில் மரத்தில் தானாக வளரும் வண்டா டெசலேட்டா இத்தனை மாத வெயிலையும் தாங்குவது தடித்த இலையாலும், பகலில் இலைத்துளையை மூடி இரவில் திறக்கும் பழக்கத்தாலும்தான். அதைக் கண்டு வீட்டுச் செடியைக் காயப்போடாதீர்கள். காட்டுச் செடியைப் பிடுங்கி வரவும் வேண்டாம்.

ஐப்பசி பிறந்து வாடை மழை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுவேன். அடைமழை நாட்களில் வேர் வெளுக்கவே நேரமில்லாமல் பச்சையாகவே கிடந்தால், கட்டையைத் தாழ்வாரத்துக்குள், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுகிறேன். வேருக்கடியில் ஈரம் பிடிக்கப் பாசி வைத்துக் கட்டியிருப்பவர்கள் மழைக்கு முன்பே அதை உருவி எடுத்துவிடுங்கள்.