பொருள்: பெற்றோர் ‘சம்மதம்’ சரி, பிள்ளையினது?

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), திங்கள்:
வணக்கம். 13 வயதுப் பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றிய ஆய்வு. படிவங்களை வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்து வைப்பது பெற்றோர், அது ‘சம்மதம்’. ஆனால் பிள்ளையிடமும் தனியாகக் கேட்கச் சொல்கிறது, மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கிப் பிரகடனம். பிள்ளை மறுத்தால் அதையும் மதிக்கச் சொல்கிறது. பிள்ளை சரி என்று சொல்வதற்கு (assent) தமிழில் என்ன சொல்? இரண்டுக்கும் ‘சம்மதம்’ என்று போட்டால் அம்மாவின் கையெழுத்தோடு அலுவல் முடிந்துவிடும்.

மானிப்பாய்:
தம்பி, ‘உடம்பாடு’ இருக்கிறதே. குறள் 890: “உடம்பாடு இலாதவர் வாழ்க்கை”. உடம்படுமெய்யை எண்ணிப் பாருங்கள்: சேராத இரண்டு உயிர்களை யகரமும் வகரமும் இடையில் வந்து சேர்க்கின்றன. அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் எழுதிய ஊர் இது. ஒரு சொல்லுக்கு அஞ்சலாமா?

சுன்னாகம்:
ஐயா, தரம் 8 பிள்ளை ‘உடம்பாடு’ என்று கண்டால் உடம்பில் ஊசி போடப் போகிறார்கள் என்றுதான் நினைக்கும். ‘ஓமெனல்’ என்றால் என்ன? எங்கள் பிள்ளைகள் வாயில் வருவது அதுதானே.

மானிப்பாய்:
‘ஆகும்’ குறுகி ‘ஆம்’, அது திரிந்து ‘ஓம்’. பேச்சுத் திரிபைக் கலைச்சொல்லாக்கினால் நாளைக்கு மறுப்புக்கு ‘மாட்டனெனல்’ என்பீர்கள்.

தெல்லிப்பழை:
சிரிக்கத்தான் வருகிறது ஐயா, ஆனால் எனக்கு அந்த ‘மாட்டன்’தான் முக்கியம். ரீச்சர் கேட்டால் பிள்ளை எதற்கும் ஓம் என்றுதான் சொல்லும். அதனால் வகுப்பு ரீச்சர் கேட்கவே கூடாது. இன்னொன்று: படிவத்தில் ‘யாருக்கும் சொல்லமாட்டோம்’ என்று இருக்கிறது. தன்னைக் காயப்படுத்துவதாக ஒரு பிள்ளை எழுதினால் சும்மா இருப்பீர்களா? எப்போது, யாரிடம் சொல்வோம் என்பதை ஓம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தச் சொல்லும் ஏமாற்றுத்தான். என் பங்குக்கு ‘இசைவு’.

சுன்னாகம்:
இசைவு சரி. விளங்கும்.

கொக்குவில்:
‘இணக்கம்’ நல்லது என்று நினைத்தேன். ஆனால் அதில் அடங்கிப்போகிற வாடை. சரி, இசைவு.

திருநெல்வேலி, வியாழன் இரவு:
நன்றி. ‘பிள்ளையின் இசைவு படிவம்’ என்றே போகிறது. ‘விருப்பமில்லாவிட்டால் எப்போதும் நிறுத்தலாம், யாரும் ஏசமாட்டார்கள்’ என்ற வரியைத் தலைப்புக்குக் கீழே வைத்தேன். இரகசியம் பற்றிய பந்தியையும் மாற்றிவிட்டேன்.

மானிப்பாய்:
இசைவு சங்கீத வகுப்புக்குப் பொருத்தம். என் பிரதியில் உடம்பாடுதான். அப்புறம் தம்பி, ‘இசைவுப் படிவம்’, ப் மிகும். அதையாவது திருத்தி அனுப்புங்கள்.