இன்ஜின் மாத்துனீங்களா? ஆர்.சி. புக்குல ஏத்துன கதையைச் சொல்லுங்க

திருமங்கலத்துக்காரர்:
கடைக்கு ஓடுற எங்க மாருதி ஆம்னி வேன்ல இன்ஜின் பிளாக் கிராக் விட்டுருச்சு. காயலான் கடையில அதே மாடல் இன்ஜின் இருந்துச்சு. "அண்ணே, இது எந்த வண்டியோடது, பேப்பர் இருக்கா?"ன்னேன். "ஓடுதான்னு பாருங்க தம்பி, பேப்பர் எதுக்கு?"ன்னார். அப்படியே கிளம்பிட்டேன். அடுத்த கடையில பில்லும் பழைய வண்டியோட ஆர்.சி. நகலும் கொடுத்தாங்க, காசு கொஞ்சம் கூட.

மாத்துறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு போட்டேன். வண்டி லோன்ல இருந்ததால பைனான்ஸ்காரங்க சம்மதக் கடிதம் வேற. அலைச்சல்னா அதுக்குத்தான்.

இன்ஜின் மாத்தி வண்டியைக் காட்டுனப்போ, பிரேக் இன்ஸ்பெக்டர் முன் சீட்டைத் தூக்கச் சொன்னார். மண்ணெண்ணெய்த் துணியால கிரீஸைத் துடைச்சு, நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்து, பில்லோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பார்த்தார். ஆர்.சி.யில புது நம்பர் ஏறுனதும் இன்சூரன்ஸ்லயும் மாத்திட்டேன். நாளைக்கு கிளைம்னு போனா சர்வேயர் முதல்ல பார்க்கிறது அந்த நம்பரைத்தான்.

மேலூர் பட்டறைக்காரர்:
தம்பி செஞ்சது சரி. அதே மாடலா இருந்ததால பேப்பர் வேலையோட போச்சு. சின்ன கார்ல பெரிய இன்ஜினை இறக்கித் தாங்கன்னு வர்ற பசங்களை நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிருவேன். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. அதே வருஷத் திருத்தத்துல, மீறுனா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் கூட வரலாம். அந்தக் காலத்துல பெட்ரோல் அம்பாசிடர்ல மேட்டடார் வேனோட டீசல் இன்ஜினை ஏத்தி ஊரெல்லாம் ஓட்டுனாங்க. அதைக் காட்டி இப்ப கேட்டா ஆகுமா?

செல்லூர்க்காரர்:
எரிபொருள் மாத்துறதுக்கு அதே பிரிவுல வழி இருக்குண்ணே. எங்க கார்ல சி.என்.ஜி. போட்டோம். அங்கீகாரம் உள்ள கிட், அங்கீகாரம் உள்ள சென்டர், அப்புறம் ஆர்.சி.யில ஏத்தணும். கேஸ் சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணணும், அதைத்தான் பாதிப் பேர் மறந்துடுறாங்க.

திருமங்கலத்துக்காரர்:
அந்த டெஸ்டுக்கு சிலிண்டரைக் கழட்டணுமாண்ணே?

செல்லூர்க்காரர்:
ஆமா தம்பி, கழட்டித்தான். வண்டி வேணும்னா அன்னிக்கு பெட்ரோல்லயே ஓட்டிக்கலாம்.