மறு: 'கீக்' என்பதற்குப் 'பித்தர்'?

வணக்கம்.

ஒன்றில் அளவு கடந்த ஈடுபாடு உள்ளவரைக் குறிக்கும் 'கீக்' (geek) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'ஆர்வலர்' போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. செய்தித்தாள்களில் 'சமூக ஆர்வலர்', 'சூழலியல் ஆர்வலர்' என்று எழுதி எழுதி அந்தச் சொல் போராட்டக்காரர்கள் பக்கம் போய்விட்டது. 'பறவை ஆர்வலர்' போன்ற சில இடங்களில்தான் பழைய பொருள் மிச்சம், அங்கேயும் எப்போதாவது ஏரிக்குப் போகிறவரும் ஆர்வலர்தான். ஒரு எழுத்துருவில் ழகரத்தின் வளைவைப் பற்றி விடிய விடியப் பேசுகிறவரை என்ன சொல்வது?

வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்று பாருங்கள். கிரிக்கெட் பைத்தியம், காபிப் பைத்தியம், சினிமாக் கிறுக்கு. நெல்லைப் பக்கம் கோட்டி, யாழ்ப்பாணத்தில் விசர். அளவான விருப்பம் என்றால் 'சாப்பாட்டுப் பிரியர்', ஒத்துவராவிட்டால் 'நமக்கு செட் ஆகாது' என்று முடித்துக்கொள்கிறோம், ஆனால் ஈடுபாடு அளவு கடந்தால் எந்த ஊரிலும் பேச்சு புத்தி பேதலித்த கதைக்குத்தான் போகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். கீக்கின் மூலச்சொல்லுக்கு முட்டாள் என்று பொருள், பிறகு அமெரிக்கத் திருவிழாக் கூடாரங்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டியவனுக்கு அது பெயரானது, இன்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

பைத்தியம், விசர் இரண்டையும் கலைச்சொல்லாக்க எனக்கு மனம் வரவில்லை. மனநோயோடு வாழ்கிறவர்கள் மேல் இன்றும் எறியப்படும் சொற்கள் அவை. பித்துக்கும் அந்தப் பொருள் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் அன்பும் சேர்ந்தே இருக்கிறது. 'பெத்த மனம் பித்து' என்கிறோமே, அது யாரையும் திட்டுவதில்லை. சுந்தரர் இறைவனைப் பித்தன் என்று ஏசிய சொல்லே 'பித்தா பிறைசூடி' என்று தேவாரமாகவும் ஆனது.

ஆகவே என் பரிந்துரை 'பித்தர்'. கணினிப் பித்தர், எழுத்துருப் பித்தர், ரயில் பித்தர் என எதோடும் ஒட்டும், ஆண் பெண் இருவருக்கும் பொது, அந்தக் குணத்தைச் சொல்லப் 'பித்து' இருக்கிறது. செயலிகளில் வரும் 'ஆர்வங்கள்' பட்டியலை அப்படியே விட்டுவிடலாம், அங்கே இவ்வளவு சூடு தேவையில்லை.

ஈழத்து நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: ஒருவரை முகத்துக்கு நேரே 'கணினிப் பித்தர்' என்றால் உங்கள் பக்கம் கோபித்துக்கொள்வார்களா?