ஐசிஎம்பி ரீடைரக்ட் வந்தபின் கெர்னல் பேனிக்: காரணம் என்ன?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். படகுகள் இறக்கும் மீனின் எடையைப் பதியும் சர்வர் ஒன்றைப் பராமரிக்கிறேன். நானே தொகுத்த லினக்ஸ் 4.4 கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), பின்னர் வந்த திருத்தங்கள் எதையும் சேர்க்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் ஒருமுறைகூட நிற்காத இயந்திரம், விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கியபின், அவை கரை திரும்பும் காலை நேரத்தில் வாரம் இருமுறை பேனிக் ஆகிறது, அதாவது கெர்னல் பிழையால் முழுவதுமாக நின்றுவிடுகிறது. பாம்பனுக்கான பதில் பாக்கெட்டுகளைப் பெறும் ஃபைபர் கேட்வே, அதே உள்வலையிலுள்ள ரேடியோ ரூட்டருக்கே அவற்றை நேரடியாக அனுப்பும்படி சர்வருக்கு ஐசிஎம்பி (வலைக் கருவிகள் பிழையும் வழிமாற்றமும் அறிவிக்கும் நெறிமுறை) ரீடைரக்ட் செய்தி விடுகிறது. பேனிக் பதிவில் டிசிபி (தரவு தவறாமல் சேர்வதை உறுதிசெய்யும் நெறிமுறை) ஒப்புகையைக் கையாளும் செயற்கூறு தெரிகிறது.

பதில் (தொண்டி):
முதலில் மெமரியைச் சோதியுங்கள். உப்புக்காற்றில் ஸ்லாட் அரித்து இப்படி நின்ற கணினியைப் பார்த்திருக்கிறேன்.

பதில் (கீழக்கரை):
தொண்டி நண்பர் சொல்வதையும் பார்த்துவிடுங்கள். ஆனால் ரீடைரக்டும் காலை நெரிசலும் சேர்ந்தே வருவதால், 2017 மார்ச்சில் திருத்தப்பட்ட வழுவாகவே இதைக் கருதுகிறேன். ஒவ்வொரு டிசிபி சாக்கெட்டும் (ஓர் இணைப்பின் முனை) தான் பயன்படுத்தும் வழிப்பதிவை, அதாவது பாக்கெட் எந்த வழியே போக வேண்டும் என்ற குறிப்பைச் சுட்டி வைத்திருக்கும். எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்ற எண்ணிக்கை சுழியமானால் கெர்னல் அப்பதிவை விடுவித்துவிடும். ரீடைரக்ட் வந்தபோது, சாக்கெட்டைப் பயனர் நிரல் பூட்டி வைத்திருக்கிறதா என்று பாராமலே பழைய கெர்னல் வழிப்பதிவைச் சரிபார்த்தது. பதிவு செல்லாததாகியிருந்தால் இந்தச் சரிபார்ப்பு அதைக் கைவிட்டு எண்ணிக்கையை ஒன்று குறைக்கும். அதே நொடியில் பயனர் பக்கமும் சரிபார்த்தால், ஒரே சாக்கெட்டுக்காக எண்ணிக்கை இருமுறை குறைந்து, வேறொரு சாக்கெட் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் பதிவு விடுவிக்கப்படும். அந்தச் சாக்கெட் பின்னர் அதைத் தொடும்போதுதான் பேனிக் நேர்கிறது. ரீடைரக்ட் ஒவ்வொரு தொலைமுகவரிக்கும் தனிப்பதிவை உண்டாக்குவதால் எண்ணிக்கைகள் சிறியவையாகவே இருக்கும். ஆபத்து அதனால் கூடுகிறது. திருத்தமோ ஒரே நிபந்தனைதான்: சாக்கெட் பூட்டப்பட்டிருந்தால் ரீடைரக்டை அப்போது கையாளாமல் விட்டுவிடுவது. ஐபிவி6 பகுதியிலும் அதே மாற்றம் வேண்டும். வலை எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட் கட்டளையில் 'லாக்டிராப்டுஐசிஎம்பிஸ்' என்ற எண்ணைப் பாருங்கள்; சாக்கெட் பூட்டியிருந்தபோது வந்த ஐசிஎம்பி செய்திகளை அது எண்ணுகிறது. மறுதொடக்கத்தில் அது அழிந்துவிடும் என்பதால், சர்வர் ஓடும்போதே பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மெமரியில் குறை இல்லை. இன்று காலை அந்த எண் 41. புதிய கெர்னல் ஏற்றும்வரை என்ன செய்யலாம், அண்ணா?

பதில் (கீழக்கரை):
பாம்பன் உள்வலைக்கு ரேடியோ ரூட்டர் வழியாகச் சர்வரிலேயே நிலையான வழியை எழுதுங்கள். 'அக்செப்ட் ரீடைரக்ட்ஸ்' அமைப்பை, எல்லா இடைமுகங்களுக்கும் பொதுவான 'ஆல்' என்பதிலும், ரீடைரக்ட் வந்துசேரும் வலை இடைமுகத்திலும் சேர்த்தே 0 ஆக்குங்கள். பாக்கெட்டுகளை முன்னனுப்பாத கணினியில் இரண்டில் ஒன்று 1 ஆக இருந்தாலும் ரீடைரக்ட் ஏற்கப்படும்.