சூப்பர் பௌல் ஜெயித்த அடுத்த மாதமே டீமை விட்டு ஏன் போகிறார்கள்?

பச்சைச்சட்டை கேட்டது:

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று துவைத்து எடுத்தார்களே, அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது டிஃபென்ஸ் லைன்தான். சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) மஹோம்ஸை ஆறு தடவை சாக் செய்தார்கள், அதாவது பந்தை எறிவதற்குள் வீழ்த்தினார்கள், அதில் ஜாஷ் ஸ்வெட் கணக்கில் இரண்டரை, மில்டன் வில்லியம்ஸ் கணக்கில் இரண்டு. சரி, இந்தக் கூட்டணி இன்னும் சில வருஷம் எல்லாரையும் மிரட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர்கள் எந்த டீமுக்கும் போகலாம் என்கிற காலம்) திறந்ததும் ஸ்வெட் அரிசோனாவுக்குப் போய்விட்டார், வில்லியம்ஸ் பேட்ரியட்ஸுக்கு. பேட்ரியட்ஸ் முந்தைய சீசனில் 4-13! மெக்காய் பெக்டனும் சார்ஜர்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கோப்பை வாங்கிய டீமில் இருந்தால் மறுபடியும் வாங்க வாய்ப்பு இருக்கிறது, ஊரே கொண்டாடுகிறது. அதை விட்டுவிட்டு நாலு ஆட்டம் ஜெயித்த டீமுக்கு எதற்குப் போக வேண்டும்? வெறும் பண ஆசைதானா?

கணக்குப்பிள்ளை:

"விட்டுப் போனார்கள்" என்று சொல்கிறீர்கள், எனக்கு அங்கேயே ஒப்பவில்லை. வில்லியம்ஸுக்குப் பேட்ரியட்ஸ் கொடுத்தது நாலு வருஷத்துக்கு 10.4 கோடி டாலர். அந்த விலைக்கு ஈகிள்ஸ் வரவே இல்லை. ஸ்வெட்டுக்கு அரிசோனா கொடுத்தது 7.64 கோடி, அதுவும் நாலு வருஷத்துக்கு, அதையும் ஈடுகட்ட முயலவில்லை. முயல முடியாது என்பதுதான் விஷயம்.

இந்த லீகில் 1994இலிருந்து சாலரி கேப், அதாவது ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு, இருக்கிறது. அப்போது டீமுக்கு 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. 32 டீமுக்கும் ஒரே வரம்பு, முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அபராதம் கட்டித் தாண்டிப் போகிற வசதி கிடையாது. இப்போது ஈகிள்ஸ் பக்கம் பாருங்கள். குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸுக்கு 2023இல் ஐந்து வருஷம், 25.5 கோடி. 2024இல் பந்து பிடிக்கிற ஏ.ஜே. பிரவுனுக்கு மூன்று வருஷம் 9.6 கோடி, டிவாண்டா ஸ்மித்துக்கு மூன்று வருஷம் 7.5 கோடி. தாக்குதல் பக்கம் இவ்வளவு போன பிறகு டிஃபென்ஸ் லைனில் எல்லாரையும் சந்தை விலைக்கு வைத்துக்கொள்ள எங்கே இடம்?

இன்னும் ஒன்று, இதைத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. டிராஃப்டில் (புது ஆட்களை டீம்கள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) வருகிற பையனுக்கு முதல் ஒப்பந்தம் நாலு வருஷம், சம்பளம் எந்த எண்ணில் எடுக்கப்பட்டாரோ அதை ஒட்டி ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமானது. வில்லியம்ஸ் 2021இல் மூன்றாம் சுற்று. நாலு வருஷத்துக்கும் சேர்த்து அவருக்குச் சுமார் 50 லட்சம் டாலர்தான். ஒரு டீம் ஜெயிக்கிறது என்றாலே இப்படித் தகுதிக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குகிற நாலைந்து பேர் அந்த டீமில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கோப்பை வந்ததும் அத்தனை பேர் விலையும் ஒரே நாளில் ஏறுகிறது. தோற்ற டீமிலோ பணம் கொடுக்கத் தகுந்த ஆளே இருந்திருக்க மாட்டார்கள், அதனால் கேப்பில் இடம் காலியாகக் கிடக்கும். ஆக மார்ச் மாதம் பணம் இருப்பது தோற்றவர்களிடம், ஆள் இருப்பது ஜெயித்தவர்களிடம். வேறு என்ன நடக்கும்?

ஈகிள்ஸுக்கும் இதில் முழு நஷ்டம் இல்லை. தாங்கள் வாங்கிய ஃப்ரீ ஏஜென்ட்டுகளைவிட இழந்தவர்கள் அதிகம் என்றால் லீக் ஈடாக அடுத்த டிராஃப்டில் கூடுதல் தேர்வுகள் கொடுக்கும், மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை எங்காவது. பால்டிமோர் ரேவன்ஸ் இதை ஒரு தொழிலாகவே பல வருஷம் செய்துவருகிறார்கள்.

பக்கத்துவீட்டு ரெஃப்ரி:

சூப்பர் பௌல் ஜெயித்தால் கிடைக்கிற மோதிரம் சோறு போடாது நண்பரே.

சூப்பர் பௌல் ஜெயித்த ஈகிள்ஸ் வீரருக்கு அந்த ஒரு ஆட்டத்துக்குக் கிடைத்த பங்கு 1,71,000 டாலர். ஹர்ட்ஸுக்கும் அதேதான், பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்தவருக்கும் அதேதான். சம்பளம் ரெகுலர் சீசனின் 18 வாரத்துக்குத்தான் வரும், அதற்குப் பிறகு வருகிற நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் இந்த மாதிரி ஒரே அளவுப் பங்குதான். வில்லியம்ஸின் புது ஒப்பந்தத்தை வருஷம் 2.6 கோடி என்று வைத்து 18ஆல் வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 14 லட்சத்துக்கு மேல் வருகிறது. பிளேஆஃப் முழுக்க ஜெயித்து வாங்குகிற பங்குகளை எல்லாம் கூட்டினாலும் அதில் பாதி தேறாது.

அதோடு இந்த ஒப்பந்தங்களில் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், கேரண்டி எவ்வளவு என்று பாருங்கள். அந்த 10.4 கோடியில் கேரண்டி 6.3 கோடி. மிச்சத்தை டீம் நினைத்தால் பாதியில் வெட்டிவிடலாம், பேஸ்பால் மாதிரி முழுப் பணமும் உறுதி என்பது இங்கே வழக்கமில்லை. சராசரி என்.எஃப்.எல். வாழ்க்கை 3.3 வருஷம் என்று வீரர்கள் சங்கமே சொல்கிறது. முதல் ஒப்பந்தம் முடிகிறவரை முழங்கால் தாங்கினாலே பெரிய விஷயம். இருபத்தைந்து இருபத்தாறு வயதில், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாருக்கு வேண்டுமானாலும் தன்னை விற்கிற உரிமை வருகிறது. அந்த வாரத்தில் போய் "ஊர் கொண்டாடுகிறது" என்று யோசிக்கச் சொன்னால் எப்படி?

ரைட்கார்ட்:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றையும் ரூபாய் அணா பைசாவில் முடித்துவிட்டார்கள். ஸ்வெட் ஏன் குறிப்பாக அரிசோனாவுக்குப் போனார்? அங்கே அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜொனதன் கேனன், முன்பு ஈகிள்ஸில் டிஃபென்ஸை நடத்தியவர், ஸ்வெட்டை எங்கே நிறுத்தினால் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியும். 2019இல் ட்ரே ஃப்ளவர்ஸ் பேட்ரியட்ஸோடு சூப்பர் பௌல் ஜெயித்த கையோடு டெட்ராய்ட்டுக்குப் போனதும் இதே வழிதான். அங்கே மாட் பட்ரீஷியா பயிற்சியாளராக இருந்தார், பேட்ரியட்ஸில் ஃப்ளவர்ஸுக்கு மேலே இருந்தவர். ஒன்பது கோடி டாலர் ஒப்பந்தம் (அதுவும் சரியாகப் போகவில்லை, 2022இல் விடுவித்துவிட்டார்கள்).

அப்புறம் ஆட்ட நேரம். நிக் ஃபோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஈகிள்ஸின் முதல் சூப்பர் பௌலை ஜெயித்துக் கொடுத்த குவார்ட்டர்பேக், அந்த ஆட்டத்தின் எம்.வி.பி. (சிறந்த வீரர்). ஆனால் கார்சன் வென்ட்ஸ் காயம் ஆறி வந்ததும் மறுபடி இரண்டாவது ஆள். சிலையே வைத்திருக்கிறார்கள், சரி, ஆட விடவில்லையே! 2019இல் ஜாக்சன்வில் 8.8 கோடி கொடுத்து முதல் ஆளாக வா என்றதும் போனார். முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு உடைந்தது வேறு கதை. டைரன் மேத்யூ 2022இல் சீஃப்ஸிலிருந்து சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிராடியை யாரும் பணத்துக்காகப் போனார் என்று சொல்ல மாட்டார்கள். ஆறு கோப்பை வாங்கிய இடத்திலேயே இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிற தோரணை வந்துவிட்டால் 42 வயதுக்காரருக்கும் ரோஷம் வரும். முந்தைய சீசனில் 7-9 ஆன டேம்பா பே போனார், முதல் வருஷமே கோப்பை.

மாநில வரியும் காரணம் என்று சொல்வார்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா, டென்னசி மாதிரி இடங்களில் மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் வில்லியம்ஸ் போனது மாசசூசெட்ஸுக்கு, பத்து லட்சம் டாலருக்கு மேல் போகிற வருமானத்துக்கு அங்கே ஒன்பது சதவீதம். ஈகிள்ஸ் இருக்கிற பென்சில்வேனியாவில் 3.07தான், ஃபிலடெல்பியா நகர வரியைச் சேர்த்தாலும் ஏழு சதவீதத்தைத் தாண்டாது. வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலமும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆக வரி என்பது இரண்டு டீம் ஒரே விலை சொல்லும்போது தராசைச் சாய்க்கும், அவ்வளவுதான்.

பச்சைச்சட்டை:

புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம், இப்படிப் போனவர்கள் நன்றாக ஆடியிருக்கிறார்களா? கூடவே ஈகிள்ஸ் டிஃபென்ஸ் லைனில் ஜேலன் கார்ட்டர் மாதிரி ஒரு ஆள் பக்கத்தில் நின்று இரண்டு பேரை இழுத்துக்கொண்டதால்தான் வில்லியம்ஸுக்கு வழி கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய சீசன்டிக்கெட்:

உங்கள் சந்தேகத்துக்கு முப்பது வருஷப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1996 ஜனவரி, டாலஸும் பிட்ஸ்பர்கும் ஆடிய சூப்பர் பௌல். டாலஸின் கார்னர்பேக் (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) லாரி பிரவுன் இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) பிடித்தார், இரண்டும் பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் நீல் ஓடானல் எறிந்தவை, இரண்டும் கிட்டத்தட்ட அவர் மார்புக்கே வந்தவை. அவருக்கு எம்.வி.பி. விருது. அந்த வசந்தத்தில் ரெய்டர்ஸ் ஐந்து வருஷம் 1.25 கோடி கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டு சீசனில் வெறும் 12 ஆட்டம், வெளியே அனுப்பிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தை எறிந்த ஓடானலும் அதே வசந்தத்தில் பிட்ஸ்பர்கை விட்டு ஜெட்ஸுக்குப் போனார், ஐந்து வருஷம் 2.5 கோடிக்கு. ஜெட்ஸ் அந்த சீசனில் 1-15. அவர் ஆரம்பித்த ஆறு ஆட்டமும் தோல்வி. எறிந்தவர், பிடித்தவர் இரண்டு பேருக்கும் பணம் வந்தது, ஆட்டம் வரவில்லை.

2016இல் சூப்பர் பௌல் ஜெயித்த டென்வரும் இப்படித்தான் கலைந்தது, ஆனால் அங்கே பாதிக்குப் பாதி. குவார்ட்டர்பேக் பிராக் ஆஸ்வைலர் 7.2 கோடிக்கு ஹூஸ்டன் போனார், ஒரே வருஷத்தில் ஹூஸ்டன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கூடவே கொடுத்து அவரை கிளீவ்லாந்து தலையில் கட்டியது. அதே மார்ச்சில் மாலிக் ஜாக்சன், அந்த சூப்பர் பௌலில் எதிரணி தவறவிட்ட பந்தை எடுத்து டச்டவுன் போட்டவர், முந்தைய வருஷம் 5-11 ஆன ஜாக்சன்வில்லுக்குப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது சீசனில் ஜாக்சன்வில் சூப்பர் பௌலுக்கு ஒரு ஆட்டம் முன்புவரை வந்தது, பேட்ரியட்ஸிடம் 24-20க்குத் தோற்றது. தோற்கிற டீம் என்றைக்கும் தோற்கிற டீமாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுப்பது ரசிகர்கள் வேலை, வீரர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. டிஃபென்ஸ் லைன் வீரர் ரெஜி வைட் 1993இல் இதே ஈகிள்ஸை விட்டு கிரீன் பே போனபோது கிரீன் பே பெரிய டீமே இல்லை. போய் நாலாவது சீசனில் கோப்பை.

திரும்பி வருவதும் உண்டு. ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் சீஃப்ஸோடு 2023இல் ஜெயித்ததும் பேட்ரியட்ஸ் போனார், 2024 ஆகஸ்டில் அவர்கள் விடுவித்ததும் மறுபடி சீஃப்ஸ்.

கணக்குப்பிள்ளை:

பச்சைச்சட்டை, கார்ட்டர் பக்கத்தில் இருந்ததால் வில்லியம்ஸுக்கு வழி கிடைத்தது என்றீர்கள், பொது மேலாளர் ஹோவி ரோஸ்மனும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். விலை ஏறுவதற்கு முன்பே மாற்று ஆள் வாங்கி வைத்தாகிவிட்டது. 2022 முதல் சுற்றில் ஜோர்டன் டேவிஸ், 2023 முதல் சுற்றில் கார்ட்டரும் நோலன் ஸ்மித்தும், 2024 மூன்றாம் சுற்றில் ஜேலிக்ஸ் ஹன்ட். எல்லாரும் ஸ்வெட், வில்லியம்ஸ் ஆடுகிற அதே வரிசை. தன் இடத்துக்கு டீம் இத்தனை இளவட்டங்களை எடுப்பதைப் பார்க்கிற வீரருக்கு யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, அவருடைய ஏஜென்ட் வீடு மாற்றுவதற்கு ஆள் பார்க்க ஆரம்பித்திருப்பார்.

எதிர்த்திசையும் நடக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஈகிள்ஸில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற சாக்வான் பார்க்லியே 2024இல் ஜயன்ட்ஸிலிருந்து ஃப்ரீ ஏஜென்சியில் வந்தவர்தான், மூன்று வருஷம் 3.775 கோடி, வந்த வருஷமே 2,005 யார்ட் ஓடினார். பெக்டனும் 2024இல் மலிவாக ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு வந்தார், தாக்குதல் வரிசையில் ஓரத்து டேக்கிளாக இருந்தவர் இங்கே அதற்கு உள்பக்கம் நிற்கிற கார்ட் ஆனார், மதிப்பு ஏறியது, சார்ஜர்ஸ் இரண்டு வருஷத்துக்கு இரண்டு கோடி கொடுத்தது.

அடுத்து யார் போவார் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு ஏப்ரலும் டிராஃப்டின் முதல் இரண்டு மூன்று சுற்றில் எந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பாருங்கள், அந்த இடத்தில் யாருக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று பாருங்கள். ஜெர்சி வாங்குவதாக இருந்தால் அதற்குப் பிறகு வாங்குங்கள்.