புடவைப் படப்பிடிப்புக்கு எந்த டெதர் மென்பொருள் ஏற்றது: கேப்சர் ஒன்னா, லைட்ரூமா, கேமரா நிறுவனத்தின் இலவச மென்பொருளா?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எம்.சி. ரோட்டுக்கு அருகில் ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். முன்பெல்லாம் திருமண ஆல்பமும் பாஸ்போர்ட் படமும்தான் பெரும்பகுதி வேலை. இப்போது அந்தச் சாலையிலுள்ள துணிக்கடைக்காரர்களும் சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகள் சிலரும், இணையத்தில் விற்பதற்காகப் புடவைகளைப் படமெடுத்துத் தரும்படி கேட்கிறார்கள். ஒவ்வொரு புடவைக்கும் முழுத் தோற்றம், முந்தானை, பார்டர், ஜரிகையின் நெருக்கப் படம் எல்லாம் வேண்டும். கடையிலிருந்து ஒருவர் புடவைக் கட்டுகளோடு வந்து, வேலை முடியும்வரை உடனிருக்கிறார்.

அவரிடம் கேமராவின் பின்திரையைக் காட்டி ஒப்புதல் வாங்குவது சரிப்பட்டு வரவில்லை. அந்தச் சிறிய திரையில் ஜரிகையின் கூர்மையும் தெரிவதில்லை. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக உள்ள பட்டுகளில் எந்த நிறம் மேலோங்கி வந்திருக்கிறது என்பதும் தெரிவதில்லை. ஆகவே கேமராவைக் கணினியோடு கேபிளில் இணைத்து, எடுத்த படம் உடனே பெரிய திரையில் வரும்படி, அதாவது டெதர் முறையில், வேலை செய்ய விரும்புகிறேன்.

என்னிடம் சோனி ஏ7 மார்க் 3, கேனன் 6டி மார்க் 2 ஆகிய இரண்டு கேமராக்களும், விண்டோஸ் லேப்டாப் ஒன்றும், தனி மானிட்டர் ஒன்றும் உள்ளன. அடோபி நிறுவனத்தின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்குக்கு ஏற்கெனவே சந்தா கட்டி வருகிறேன். அதிலேயே டெதர் வசதி இருக்கும்போது அதே வேலைக்கான கேப்சர் ஒன் என்ற மென்பொருளுக்குத் தனியாகச் செலவு செய்வது அவசியமா? கேமரா நிறுவனங்கள் இலவசமாகத் தரும் மென்பொருள்கள் தொழில்முறை வேலைக்குத் தாங்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (ராயபுரத்திலிருந்து, விளம்பரப் பொருள் படப்பிடிப்பு செய்பவர்)

வணக்கம் ஐயா. மென்பொருளின் பெயரிலிருந்து தொடங்காமல், உங்களிடமுள்ள கேமராக்களிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லைட்ரூம் கிளாசிக்கின் நேரடி டெதர் வசதி நெடுங்காலம் பெரும்பாலும் கேனன், நிக்கான் கேமராக்களுக்கே இருந்தது. சோனிக்கு அது பிற்பாடுதான் வந்தது. வந்தபோதும் எல்லா மாதிரிகளுக்கும் வரவில்லை. உங்கள் 6டி மார்க் 2 அதில் நேரடியாக இயங்கும். ஏ7 மார்க் 3-ஐ நம்பித் திட்டமிடுவதற்கு முன் அடோபி வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் அந்த மாதிரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேப்சர் ஒன் இரண்டு கேமராக்களையும் நேரடியாக ஏற்கிறது.

ஆனாலும் நான் கேப்சர் ஒன்னைப் பரிந்துரைப்பதற்கு அது மட்டும் காரணமல்ல. அதிலுள்ள செஷன் என்ற முறை, நாள்தோறும் வெவ்வேறு கடைகளின் சரக்கைப் படமெடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஒரு வேலைக்கு ஒரு செஷன் திறந்தால், எடுத்த படங்கள், தேர்ந்தவை, இறுதியாக ஏற்றுமதி செய்தவை, கழித்தவை என நான்கு ஃபோல்டர்கள் தாமாகவே உருவாகின்றன. வேலை முடிந்ததும் அந்த ஒரு ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தால் போதும். செய்த திருத்தங்களும் அதோடு சேர்ந்தே போகும். லைட்ரூமில் படங்களின் விவரமும் திருத்தங்களும் கேட்டலாக் என்ற ஒரே பதிவேட்டுக் கோப்புக்குள் இருப்பதால், ஒரு கடையின் வேலையை மட்டும் பிரித்தெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோவதற்குத் தனியாகச் சில படிகள் உண்டு.

புடவை வேலைக்கு மிக முக்கியமானது கோப்புப் பெயர். அடுத்து எடுக்கவிருக்கும் படத்துக்கான பெயரை முன்கூட்டியே கொடுக்கும் கட்டம் கேப்சர் ஒன்னில் திரையிலேயே இருக்கும். புடவையின் சரக்கு எண்ணை அதில் தட்டிவிட்டால், மாற்றும்வரை வரும் படங்கள் எல்லாம் அந்த எண்ணோடு வரிசையெண் சேர்ந்து பதிவாகும். சாதாரண யுஎஸ்பி பார்கோடு ரீடர்கள் பெரும்பாலும் விசைப்பலகை போலவே இயங்குபவை. ஆகவே கடைக்காரர் விலைச்சீட்டில் பார்கோடு ஒட்டியிருந்தால், அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து ஸ்கேன் செய்தாலே எண் விழுந்துவிடும். நூற்றுக்கணக்கான படங்களுக்கு இரவில் உட்கார்ந்து பெயர் மாற்றும் வேலை இதனால் அடியோடு ஒழிகிறது.

நிறத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். முதல் படத்தில் கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) வைத்து வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை, சரிசெய்துகொண்டு, அடுத்த படங்கள் முந்தைய படத்தின் திருத்தங்களை அப்படியே ஏற்கும்படி அமைத்துவிடுங்கள். லைட்ரூமின் டெதர் பட்டையிலும் இதே வசதி உண்டு. கடைக்காரர் திரையில் பார்ப்பது முதலிலிருந்தே திருத்திய படமாக இருந்தால்தான் அவருடைய ஒப்புதலுக்குப் பொருள் உண்டு. மானிட்டரைக் கலிப்ரேட் செய்திருக்க வேண்டும், அதாவது அது நிறத்தைச் சரியாகக் காட்டும்படி அளந்து அமைத்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அது இல்லாமல் எந்த மென்பொருளும் உதவாது.

பதில் (பெரம்பூரிலிருந்து)

மேலே ராயபுரம் நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இப்போதே கேப்சர் ஒன் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வேலை நிலைத்து வருமா, மாதம் எத்தனை கடைகள் வரும் என்பது தெரியாத நிலையில், கையிலுள்ள லைட்ரூமோடு இலவச மென்பொருளை இணைத்து நடத்துவதே நிதானமான வழி. ஒரே தவணையில் பணம் கட்டிக் கேப்சர் ஒன் வாங்கும் முறையும் இருக்கிறது. ஆனால் பின்னர் வரும் புதிய அம்சங்கள் அந்த உரிமத்தில் சேருவதில்லை. கேமராவை மாற்றும் எண்ணம் இருந்தால் இதை அவசியம் யோசியுங்கள்.

சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப், கேனனுக்கு இஓஎஸ் யுடிலிட்டி, இரண்டுமே இலவசம். இவை படத்தை நீங்கள் குறிப்பிடும் ஃபோல்டரில் கொண்டுவந்து போடும். லைட்ரூமில் ஆட்டோ இம்போர்ட் வசதியை இயக்கி அதே ஃபோல்டரைக் கண்காணிக்கச் சொன்னால், வந்து விழும் படத்தை அது எடுத்துக்கொண்டு திரையில் காட்டும். அந்த ஃபோல்டர் தொடக்கத்தில் காலியாக இருக்க வேண்டும்; உள்ளே துணை ஃபோல்டர்களும் கூடாது. இந்த வழியில் ஷட்டரை அழுத்துவதற்கும் படம் தெரிவதற்கும் இடையே நேரடி டெதரைவிடச் சற்றுக் கூடுதல் தாமதம் இருக்கும். மாடலை நிற்கவைத்து வேகமாக எடுக்கும்போது அது தொந்தரவு. பொம்மைக்குக் கட்டியோ மேசையில் விரித்தோ எடுக்கும் புடவைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஏ7 மார்க் 3-இல் சுருக்கப்படாத ரா கோப்பு (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) ஒன்று ஏறத்தாழ 47 எம்பி வரும். படத்தைக் கணினி, கார்டு இரண்டிலும் சேமிக்கும்படி அமைத்து, ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுத்து, கணினிக்கு ஜேபெக் மட்டும் போகும்படி மெனுவில் தேர்ந்துகொண்டால் திரையில் படம் விரைவாக வரும். ரா கோப்பு கார்டில் பத்திரமாக இருக்கும். கணினி திடீரென நின்றாலும் வேலை போகாது என்பதால், கார்டிலும் சேமிப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

இன்னொன்று, இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரு கேமராவைப் பிடிக்க முடியாது. இஓஎஸ் யுடிலிட்டி கேமராவை இணைத்தவுடன் தானாகத் திறக்கும்படி இருந்தால், லைட்ரூமின் நேரடி டெதருக்கோ கேப்சர் ஒன்னுக்கோ கேமரா தென்படாமல் போகலாம். மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

பதில் (தண்டையார்பேட்டையிலிருந்து, படப்பிடிப்புகளில் கணினிப் பக்கம் கவனிப்பவர்)

நண்பர்கள் இருவரும் மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். டெதர் இணைப்பு அறுந்துபோவதை நான் பார்த்தவரை, பெரும்பாலும் காரணம் கேபிளும் போர்ட்டும்தான். 6டி மார்க் 2-இல் இருப்பது யுஎஸ்பி 2.0 மினி போர்ட். அதற்கு 5 மீட்டர் வரை சாதாரணக் கேபிளே தாங்கும். ஏ7 மார்க் 3-இல் டைப் சி போர்ட்டைப் பயன்படுத்துங்கள். அந்த வேகத்தில் 3 மீட்டருக்கு மேல் போவதானால் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆக்டிவ் கேபிள் தேவைப்படும். மலிவான ஹப் வழியாக இணைக்காமல் லேப்டாப்பின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸ் பவர் அமைப்புகளில் மின்சாரத்தைச் சேமிக்க யுஎஸ்பி போர்ட்டை உறங்கவைக்கும் யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்துவிடுங்கள். கேமராவிலும் தானாக அணையும் நேரத்தை நீட்டித்துவிடுங்கள்.

நம் பகுதி கடலுக்கு அருகில் இருப்பதால் உப்புக்காற்று கேபிளின் உலோக முனைகளை விரைவில் பாழாக்கும். வேலை முடிந்ததும் கேபிளைச் சுருட்டி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. கேமரா போர்ட்டில் இழுவிசை விழாதபடி கேபிளை ட்ரைபாட் காலோடு ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள். புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவரின் கால் அதில் பட்டால் உடைவது கேமராவின் போர்ட்தான். அதைப் பழுதுபார்க்கும் செலவில் நல்ல கேபிள்கள் பல வாங்கலாம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் 6டி மார்க் 2-ஐ லைட்ரூமில் நேரடியாக இணைத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு ஐயம்: சௌகார்பேட்டை வியாபாரி ஒருவர் ஸ்டூடியோவுக்கு வர இயலாது, கைப்பேசியிலேயே பார்த்து ஒப்புதல் தருகிறேன் என்கிறார். அதற்கு வழி உண்டா?

பதில் (ராயபுரம்)

உண்டு ஐயா. கேப்சர் ஒன் லைவ் என்ற வசதியில் செஷனின் படங்களை இணைய முகவரி வழியாகப் பகிரலாம். அவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்து நட்சத்திரக் குறியிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். லைட்ரூமிலேயே தொடர்வதானால், தேர்ந்த படங்களை எஸ்ஆர்ஜிபி என்ற, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறவெளியில் சிறிய ஜேபெக்காக ஏற்றுமதி செய்து வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். எந்த வழியானாலும், கைப்பேசித் திரைக்குத் திரை நிறம் மாறும் என்பதால், ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு புடவையை மட்டும் அவர் கடையில் கையில் வைத்துக்கொண்டு, அதன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.